விண்மீன்களின் நாடி பார்த்தோர்

திருமண நாளன்று மணமகளுக்கு அருந்ததியையும் துருவனையும் காட்டும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அருந்ததி கற்புக்கும் துருவன் நிலைபேற்றுக்கும் அடையாளங்கள். வானமே சுழன்றாலும் துருவன் தன் இடம் விட்டுப் பெயர்வதில்லை. அதுபோல் இல்லறத்தில் நிலைத்து நிற்பாயாக என்பது கருத்து. பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நின்று, புரோகிதர் விரல் நீட்டிய திக்கை நோக்கி, ஒன்றும் தெரியாமலே 'தெரிகிறது' என்று தலையசைப்பது இக்கால நடைமுறை. அது போகட்டும். நிலைபேற்றின் வடிவமென்று நாம் காட்டும் அந்தத் துருவ விண்மீன், ஏறத்தாழ நான்கு நாள்களுக்கு ஒருமுறை விரிந்தும் சுருங்கியும் துடித்துக்கொண்டிருக்கும் விண்மீன் என்பதை வானியலார் கண்டு நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1911இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹெர்ட்ஸ்ப்ருங் அதனை உறுதிப்படுத்தினார். துடிப்பின் அளவு மிகச் சிறிது, வெறுங்கண்ணுக்கு எட்டாது.

மார்கழியில் நாம் களி படைத்துக் கொண்டாடும் திருவாதிரையும் அத்தகையதே. மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்று வழங்கும் அச்செந்நிற விண்மீனின் ஒளி ஏறியிறங்குவதை ஜான் ஹெர்ஷல் 1836இல் கண்டார். நம் கண்முன்னே, 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் அதன் ஒளி வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. தில்லியின் பனிமூட்டத்தினூடே மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்க்கும் மாற்றம் தெரிந்தது. விண்மீன் வெடித்துவிடுமோ என்று நாளேடுகள் எழுதின. அது உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசியாகித் திரையிட்டதே காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. அதுவரை ஏறத்தாழ நானூறு நாள் கணக்கில் துடித்து வந்த விண்மீன், அந்த நிகழ்ச்சிக்குப் பின் சில காலம் அதில் பாதி நாள்களில் துடிக்கலாயிற்று என்பது வேறு செய்தி.

ஒரு விண்மீனின் புறத்தை மட்டுமே நாம் காண்கிறோம். அதன் உள்ளிருந்து புறப்படும் ஒளி நேரே நம்மை வந்தடைவதில்லை. மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோலிலிருந்து வெளிப்படும் ஒளியே நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டுவது. உடலை அறுத்துப் பாராமலே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து உள்ளிருக்கும் நிலையை உணர முயலும் வைத்தியரைப்போல, வானியலாரும் விண்மீனின் துடிப்பைக் கொண்டே அதன் உள்ளத்தை அறியத் தலைப்பட்டனர். இந்தக் கலை வளர்ந்த வரலாறு நானூறு ஆண்டு நீளமுடையது. அதில் புகழ்பெற்ற பேரறிஞர்க்கு இணையான பங்கு, இரவுதோறும் பார்த்ததைப் பார்த்தபடி ஏட்டில் குறித்து வைத்த எளியோர்க்கும் உண்டு. அவருள் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தவர்.

வரலாறு ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது. ஜெர்மனியின் வடமேற்குக் கடற்கரைப் பகுதியில் சமயப்பணி ஆற்றி வந்த தாவீது ஃபாப்ரீசியஸ், 1596ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோள் ஒன்றன் இடத்தை அளப்பதற்காக அருகிலிருந்த விண்மீன் ஒன்றை அடையாளமாகக் கொண்டார். அந்த விண்மீன் சில நாள்களில் ஒளி மிகுந்து, பிறகு மங்கி, அக்டோபருக்குள் கண்ணுக்கு மறைந்தே போயிற்று. தொலைநோக்கி இன்னும் வழக்கிற்கு வராத காலம் அது. வானுலகம் மாறுதலற்றது, பிறப்பும் இறப்பும் நிலவுக்குக் கீழேதான் என்பது அக்காலத்து ஐரோப்பியர் கொள்கை. புதிதாகத் தோன்றி மறைந்த ஒன்று என்று அவர் அதனை எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 1609இல் அதே இடத்தில் அதனை மீண்டும் கண்டார். தோன்றி மறைந்தது மறுபடி தோன்றுமானால் அது பிறப்பன்று. வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறொன்று இன்னதென்று தெரியும்வரை அவர் உயிரோடிருக்கவில்லை. தம் வாத்தைத் திருடிய ஒருவனைப் பற்றிப் பிரசங்க மேடையிலிருந்து பேசப்போக, அந்தக் குடியானவன் 1617இல் அவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றான் என்று வரலாறு கூறுகிறது. 1638ஆம் ஆண்டளவில் ஹாலந்து நாட்டு ஹோல்வார்டா என்பார் அவ்விண்மீன் பதினொரு மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குவதைக் கண்டறிந்தார். பின்னர் ஹெவேலியஸ் அதற்கு 'மீரா' என்று பெயரிட்டார். வியப்புக்குரியது என்பது அதன் பொருள்.

அடுத்து நாம் காண வேண்டியவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து இளைஞர் ஜான் குட்ரிக். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர். அண்டை வீட்டாரான எட்வர்டு பிகட் என்பாருடன் சேர்ந்து வானத்தை நோக்கி வந்தார். 1784ஆம் ஆண்டு செப்டம்பரில் பிகட் கழுகுக் குழுவிலுள்ள ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். அடுத்த மாதமே குட்ரிக் செஃபியஸ் குழுவின் நான்காம் விண்மீனான 'டெல்டா' ஒளி மாறுவதைக் கண்டார். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று இதனினும் மிகுதி, நேற்று இதனினும் குறைவு என்று இரவுதோறும் எழுதி, ஐந்து நாள் எட்டரை மணிக்குச் சற்றுக் கூடுதல் என்று அதன் காலத்தைக் கணித்தார். கருவியின்றிக் கண்ணாலேயே கண்ட அந்தக் கணக்கு இன்றைய அளவுக்கு மிக அண்மையில் நிற்கிறது. 1786 ஏப்ரலில் அரசவை அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நான்கு நாள்களில் அவர் மறைந்தார். வயது இருபத்தொன்று.

அதே 1786ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி தம் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக் கூடம் அமைத்தார். கும்பினியார் அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினர். அதன் நடுவே நின்ற பெருங்கல் தூணில் தமிழும் இடம்பெறப் பல மொழிகளில் செய்தி பொறித்தனர். அந்தத் தூண் இன்றும் அங்குள்ள வானிலை நிலைய வளாகத்தில் இருக்கிறது. சென்னை செல்லும் நம்மவர், கடற்கரைக்கும் துணிக்கடைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை அதற்கும் ஒதுக்கலாம்.

அந்தக் கூடத்திற்கு 1861இல் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் கணக்கு, அதாவது ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூற்றில் ஒரு பங்காகும் என்னும் கணக்கு, அவர் 1856இல் வகுத்தது. வந்த ஆண்டிலேயே சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். ஒளி மாறும் விண்மீன்களில் அவருக்குத் தனி ஈடுபாடு. அவருக்கு உதவியாளராக இருந்தவர்களுள் தலையாயவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்னும் வழக்கு நம் குடும்பங்களில் இன்றும் தீர்ந்தபாடில்லை. பெண் வீட்டார் ஒன்றையும் பிள்ளை வீட்டார் மற்றொன்றையும் கையில் வைத்துக்கொண்டு முகூர்த்த நாளில் முட்டிக்கொள்வதை நாம் அறிவோம். முன்னோர் வகுத்த வாக்கியங்களைக் கொண்டே கணித்தால் போதாது. கோளும் விண்மீனும் இன்று எங்கே நிற்கின்றனவென்று கருவியால் கண்டு, அந்தக் காட்சியோடு ஒத்துப்போகுமாறு கணக்கைத் திருத்தவேண்டும் என்பது திருக்கணிதத்தார் கட்சி. அக்கட்சிக்காக நூறாண்டுகளுக்கு முன்பே வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டவர் ரகுநாதாச்சாரியார். பகலில் பஞ்சாங்கக் கணிதம், இரவில் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கி. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஒவ்வொன்றாக அளந்து எழுதுவது அவருடைய அன்றாட வேலை. அவ்வாறு அவர் அளந்தவை பல்லாயிரம்.

1867இல் அவர் தென்வானில் ரெட்டிக்குலம் எனப்படும் சிறு குழுவில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். அது 'ஆர் ரெட்டிக்குலி' என்ற பெயரில் வானியல் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. இக்காலத்தில் இந்தியர் ஒருவர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக அதனைக் குறிப்பிடுவர். ஒளி மாறும் விண்மீனைக் காண்பது மின்னலைக் காண்பது போன்றதன்று. இன்று எழுதிய ஒளித்தரமும் பல வாரங்களுக்கு முன் எழுதிய ஒளித்தரமும் ஒவ்வாதபோது, பிழை ஏட்டிலா வானிலா என்ற ஐயம் எழும். தன் ஏட்டின்மேல் நம்பிக்கை உள்ளவனே பிழை வானில்தான் என்று துணிவான். அவர் துணிந்தார், அது சரியாயிற்று. ஆர் ரெட்டிக்குலி, மீராவின் இனத்தைச் சேர்ந்த துடிக்கும் விண்மீன். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குவது. துடிப்பு என்ற காரணம் அன்று யார்க்கும் தெரியாது.

இந்த விண்மீன் தென்துருவத்தை ஒட்டியிருப்பதால் சென்னையில்கூடத் தொடுவானிலிருந்து பதினான்கு பாகை உயரத்திற்குமேல் எழுவதில்லை. தில்லியில் வாழும் நமக்கோ அது தொடுவானத்தைத் தாண்டி எழுவதே கிடையாது. அதனைக் காண விரும்புவோர் ஊருக்குத்தான் போகவேண்டும்.

1872இல் இலண்டனிலுள்ள அரசவை வானியல் கழகம் ரகுநாதாச்சாரியாரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே என்பர். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்ததை விளக்கி ஒரு சிறு நூல் எழுதிப் பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். தாம் அறிந்ததைத் தம் மக்கள் அறியவேண்டும் என்ற ஆர்வம் அதில் தெரிகிறது. 1880இல் அவர் மறைந்தார். போக்சன் 1891இல் மறைந்தார். போக்சன் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்த ஒளி மாறும் விண்மீன் குறிப்புகள் அச்சேறாமலே கிடந்து, 1908இல்தான் இங்கிலாந்தில் பதிப்பிக்கப்பெற்றன. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிப்போர்க்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது. எழுதியவர் போனபின் ஏடு பேசுவது நாம் நாள்தோறும் காண்பதுதான்.

அந்த 1908ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்திலிருந்து மற்றொரு பட்டியல் வெளிவந்தது. மகெல்லன் மேகங்கள் எனப்படும் இரு விண்மீன் கூட்டங்களில் ஒளி மாறும் விண்மீன்கள் 1,777 அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றைத் தேடி எடுத்தவர் ஹென்ரியட்டா லெவிட் என்னும் பெண்மணி. தொலைநோக்கியில் நோக்கும் உரிமை அக்காலத்தில் அங்குப் பெண்களுக்கு இல்லை. பெரு நாட்டு மலையில் ஆண்கள் எடுத்தனுப்பிய கண்ணாடித் தகட்டுப் படங்களை மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் புள்ளி புள்ளியாக அளந்து எழுதுவதே அவர்களுக்கு இட்ட பணி. 'கணிப்பான்கள்' என்றே அப்பெண்களைக் குறிப்பிட்டனர். லெவிட் முதலில் ஊதியமின்றியே பணியில் சேர்ந்தார். பின்னர் மணிக்கு முப்பது சென்ட் கிடைத்தது. அவரும் நாளடைவில் செவிப்புலன் இழந்தவர். விண்மீன் துடிப்பின் வரலாற்றில் குட்ரிக், லெவிட் என்ற இருவரும் செவி கேளாதவராய் அமைந்தது வியப்பாகவே இருக்கிறது.

அந்தப் பட்டியலில் பதினாறு விண்மீன்களுக்கு மட்டும் காலக்கணக்கு அறியக் கிடைத்திருந்தது. ஒளி மிகுந்தவை நீண்ட காலம் எடுத்துக்கொள்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினார். 1912இல் இருபத்தைந்து விண்மீன்களைக் கொண்டு அதனை ஒரு விதியாகவே நிலைநாட்டினார். இவை செஃபியஸ் குழுவில் குட்ரிக் கண்ட விண்மீனின் இனம். 'செஃபீடுகள்' என்பது இனப்பெயர்.

இதன் பயன் என்ன? இரவில் தொலைவில் ஒரு விளக்குத் தெரிகிறது. அது அருகிலுள்ள அகல்விளக்கா, நெடுந்தொலைவிலுள்ள கோபுர விளக்கா என்று பார்வையால் சொல்ல இயலாது. விண்மீன்களைப் பொறுத்தவரை மனிதன் இந்த இக்கட்டில்தான் இருந்தான். லெவிட் ஆராய்ந்த விண்மீன்கள் யாவும் ஒரே மேகத்தில், நம்மிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பவை. எனவே அவற்றுள் ஒளியாய்த் தோன்றுவது உண்மையிலேயே ஒளி மிகுந்தது. துடிக்கும் காலம் தெரிந்தால் உண்மை ஒளி தெரியும். உண்மை ஒளி தெரிந்தால், தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைச் சொல்லிவிடலாம். விளக்கே தன் திரியின் அளவைக் கண் சிமிட்டிச் சொல்லுமானால் வேறென்ன வேண்டும்!

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடா என்னும் ஒளிப்படலத்தைப் படமெடுத்தபோது அதில் ஒரு செஃபீடைக் கண்டார். லெவிட்டின் விதிப்படி கணக்கிட, அது ஒன்பது லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தது. நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியே இன்னொரு மண்டலம் உண்டு என்பது அன்று முடிவாயிற்று. செஃபீடுகளில் இரு வகை உண்டென்று வால்டர் பாடே 1952இல் காட்டியபின் அண்டத்தின் அளவே இரு மடங்காயிற்று. இன்றைய கணக்கில் ஆண்ட்ரோமீடா இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. லெவிட் 1921 டிசம்பரிலேயே புற்றுநோயால் மறைந்துவிட்டார். அதனை அறியாத சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர், நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு 1925இல் அவருக்கே கடிதம் எழுதினார்.

துடிப்பைக் கொண்டு தொலைவை அளந்தாயிற்று. ஆனால் விண்மீன் ஏன் துடிக்கிறது? நெடுங்காலம், இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் ஒளி மாறுகிறது என்றே எண்ணினர். டெல்டா செஃபியின் மேற்பரப்பு ஒரு சமயம் நம்மை நோக்கியும் மறுசமயம் விலகியும் நகர்வதை ருஷ்ய அறிஞர் பெலோபோல்ஸ்கி 1894இல் நிறமாலையில் கண்டதும் அவ்வெண்ணம் வலுத்தது. 1914இல் ஹார்லோ ஷாப்லி ஓர் எளிய கேள்வி கேட்டார். இரு விண்மீன் என்றால் ஒன்றன் பாதை மற்றொன்றின் வயிற்றுக்குள்ளேயே அமைகிறதே, அது எவ்வாறு? சுற்றுவதில்லை, ஒரே விண்மீன் விரிந்து சுருங்குகிறது என்பதே விடை.

அதற்குக் கணிதம் அமைத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆர்தர் எடிங்டன். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். ஓயாமல் ஆடவேண்டுமானால் சரியான தருணத்தில் மறுபடி மறுபடி தள்ள வேண்டும். விண்மீனுக்குள் தள்ளுவது யார்? அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தின் மூடியை நினைத்துக்கொள்ளலாம். ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் மிகும், மூடி எழும், ஆவி வெளியேறும், மூடி அமரும், மறுபடி அழுத்தம். விண்மீனிலும், சுருங்கும்போது வெப்பத்தை அடைத்து வைத்து விரியும்போது திறந்துவிடும் ஒரு மூடி இருக்கவேண்டும் என்று எடிங்டன் கருதினார். மூடி எதுவென்று தெளிவாகத் தெரியவில்லை. வளிமம் சூடேறினால் பெரும்பாலும் ஒளியை எளிதாக விடுமேயன்றி அடைக்காது என்பதே இடையூறு. 1953இல் சோவியத் அறிஞர் ஷெவாகின் விடை கண்டார். மேற்பரப்புக்குச் சிறிது கீழே, நாற்பதாயிரம் பாகை வெப்பமுள்ள அடுக்கில், ஹீலியம் அணுக்கள் தம் இரண்டாம் மின்னணுவையும் இழக்கும் நிலையில் இருக்கின்றன. அழுந்தும்போது அந்த அடுக்கு ஒளியை விடாமல் பிடித்துக்கொள்கிறது, விரியும்போது விட்டுவிடுகிறது. மூடி அதுதான்.

துடிக்கும் கால அளவு விண்மீனின் அடர்த்தியைச் சொல்லும் என்பது எடிங்டன் கணக்கிலிருந்து கிடைத்த மற்றொரு செய்தி. அடர்த்தி மிகுந்தது விரைந்து துடிக்கும். நெகிழ்ந்தது மெல்லத் துடிக்கும். செஃபீடு நாள்கணக்கிலும், மிகப் பெரிதாய் ஊதிப்போன மீரா மாதக்கணக்கிலும் துடிப்பது அதனால்தான்.

சந்தையில் மண்பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர் அதனை விரலால் தட்டிப் பார்த்தே வாங்குவர். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது சொல்லிவிடும். விண்மீனையும் அவ்வாறு தட்டிப் பார்க்க இயன்றால்? நாம் தட்டவேண்டிய தேவையில்லை, சூரியன் தானே அதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை 1960ஆம் ஆண்டளவில் ராபர்ட் லெயிட்டன் வில்சன் மலையிலிருந்து கண்டார். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறியும் இறங்கியும் அசைகிறது. அது வெறும் மேற்பரப்புக் கொதிப்பு என்றே பலரும் நினைத்தனர். சூரியனுக்குள் அடைபட்டு எதிரொலிக்கும் ஒலியலைகளே அவை என்று 1970இல் உல்ரிச் விளக்கினார். 1975இல் டாய்ப்னர் செய்த அளவைகள் அதனை மெய்ப்பித்தன. கடம் ஒன்றில் ஒரே சமயத்தில் லட்சக்கணக்கான விரல்கள் தட்டுவதாகக் கொண்டால், சூரியனின் நிலை ஒருவாறு விளங்கும். சில அலைகள் மேல்தோலிலேயே உலவும். சில நடுவயிறு வரை இறங்கித் திரும்பும். ஒவ்வொன்றின் சுருதியையும் பிரித்தறிந்தால், எந்த ஆழத்தில் ஒலி எவ்வளவு விரைகிறது என்றும், அதிலிருந்து அங்குள்ள வெப்பம் இன்னதென்றும் கணக்கிடலாம்.

இவ்வாராய்ச்சிக்கு இடையறாத நோக்கல் தேவை. சூரியன் அடைந்தால் கணக்கு அறுபடும். எனவே 1995இல் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே வகைக் கருவிகளை நிறுவினர். அவற்றுள் ஒன்று நம் நாட்டில், உதயப்பூரில். ஃபதேசாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் அமைந்த சூரிய ஆய்வுக் கூடம் அதன் இல்லம். சுற்றிலும் நீர் இருப்பதால் காற்று கொதித்துப் படம் கலங்குவது குறைவு. இராசத்தானத்தில் பணி மாற்றம் பெற்று வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த ஏரியைப் படகில் சுற்றியிருப்பர். அதன் நடுவே சூரியனுக்கு நாடி பார்க்கிறார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. கிடைத்த அளவைகளைக் கொண்டு கணக்கிட்டோருள்ளும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சிட்ரே, அந்தியா போன்றோர்க்குச் சிறப்பிடம் உண்டு. சூரியனின் கொதிக்கும் மேலடுக்கு எவ்வளவு ஆழம் என்பதற்கு, அதன் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு என்று சர்பாணி பாசுவும் அந்தியாவும் 1997இல் துல்லியமான கணக்கு வெளியிட்டனர்.

இந்தக் கலை ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்லவும் நேர்ந்தது. சூரியனின் நடுவில் நிகழும் அணுச்சேர்க்கையில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் அவற்றை எண்ணியபோது, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. 1960களின் இறுதியில் எழுந்த இந்தக் குறை முப்பதாண்டுகள் தீரவில்லை. சூரியனின் நடுப்பகுதி நாம் எண்ணிய வெப்பத்தில் இல்லை, விண்மீன் பற்றிய கணக்கே தவறு என்று ஒரு சாராரும், துகளைப் பற்றிய அறிவே குறைபாடுடையது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். முன்னது உண்மையாயின் எடிங்டன் காலம் முதல் கட்டிய மாளிகை முழுவதும் சரியும். சூரியனின் ஒலியலைகளோ, உள்ளே ஒலியின் வேகம் கணக்கோடு நூற்றில் ஒரு பங்கு வேறுபாடுகூட இல்லாமல் பொருந்துகிறது என்று காட்டின. நாடி சரியாக இருக்கிறது, நோய் நோயாளியிடம் இல்லை என்றாயிற்று. 2001லும் 2002லும் கனடாவின் சட்பரி ஆய்வகம், நியூட்ரினோக்கள் வரும் வழியில் தம் வகையை மாற்றிக்கொள்கின்றன என்று ஐயமற நிறுவியது. குற்றம் துகள் பற்றிய அறிவில்தான் இருந்தது. சூரியனின் கணக்கெழுதியவர்கள் விடுதலையாயினர்.

பின்னர் இக்கலை சூரியனைத் தாண்டிச் சென்றது. பிற விண்மீன்களின் நுண்ணிய அதிர்வைக் காற்றுமண்டலத்தின் ஊடாகக் காண்பது அரிது. பொழுது விடிந்தால் நோக்கல் நின்றுவிடுகிறது என்ற குறையைப் போக்கப் பல நாட்டுத் தொலைநோக்கிகள் முறை வைத்து ஒரே விண்மீனைத் தொடர்வதுண்டு. வடார்க்காட்டுக் காவலூரும் அத்தகைய கூட்டுப் பணியில் பங்கு பெற்றுள்ளது. 2009இல் ஏவிய கெப்ளர் விண்கலமோ கண் இமைக்காமல் நான்காண்டுகள் வானின் ஒரே பகுதியை நோக்கியது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடவே அதனை அனுப்பினர். அது கொண்டுவந்த ஏட்டில் ஆயிரக்கணக்கான செம்பெரு விண்மீன்களின் துடிப்பும் பதிவாகியிருந்தது.

இவற்றுள் சில, நடுவிலுள்ள ஹீலியத்தை இன்னும் எரிக்கத் தொடங்காதவை. சில, எரிக்கத் தொடங்கிவிட்டவை. புறத்தில் நிறமும் ஒளியும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் குவித்த தேங்காய்களுள் இளசும் முற்றலும் பார்வைக்கு ஒன்றாய் இருப்பதுபோல. தட்டிப் பார்த்தால் ஓசை வேறு. 2011இல் டிம் பெடிங்கும் அவர் குழுவினரும் அந்த ஓசை வேறுபாட்டைக் கெப்ளர் ஏட்டில் கண்டனர். நடுப்பகுதியில் எழும் அலைகளின் கால இடைவெளி இரு வகைக்கும் தெளிவாக மாறுபடுகிறது. அடுத்த ஆண்டில், இத்தகைய விண்மீன்களின் உட்கரு மேற்பரப்பைக் காட்டிலும் பல மடங்கு விரைந்து சுழல்வதும் தெரியவந்தது. அவ்வளவு விரைவாக ஏன் சுழல்கிறது, எதிர்பார்த்ததைவிட ஏன் குறைவாகச் சுழல்கிறது என்ற இரு கேள்விகளோடும் ஆய்வாளர் இன்றும் போராடி வருகின்றனர்.

இத்தனை விண்கலங்கள் வந்தபின் பழைய ஏடுகளுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். விண்மீனின் வாழ்நாள் கோடிக்கணக்கான ஆண்டு. அது முதுமை அடைவதை ஒரு மனிதன் தன் காலத்தில் காண்பதெங்ஙனம்? செஃபீடு சிறிது சுருங்கினால் அதன் துடிப்பு சிறிது விரையும். ஓராண்டில் அந்த வேறுபாடு ஒன்றுமில்லை. ஆனால் துடிப்புக்குத் துடிப்பு சேர்ந்து நூறாண்டு, இருநூறாண்டில் மணிக்கணக்கில் ஏறிவிடும். அதைக் காண இருநூறாண்டுக்கு முந்தைய ஏடு வேண்டும். இந்நூற்றாண்டில் டெல்டா செஃபியை ஆராய்ந்தோர், யார்க் நகரில் 1784இல் குட்ரிக் எழுதி வைத்த நேரங்களிலிருந்து தொடங்கி, அதன் காலம் ஆண்டுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைந்து வருவதைக் கண்டுள்ளனர். அவ்விண்மீன் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டிலோ, லெவிட் குனிந்து அளந்த தகடுகளோடு சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் குறையாத கண்ணாடிப் படங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கணிப்பொறியில் ஏற்றும் பணி பல்லாண்டுகள் நடந்தது. துடைக்குமுன், தகட்டின் மேல் அப்பெண்கள் மையால் இட்ட குறிகளைத் தனியே படமெடுத்து வைத்துக்கொண்டனர்.